கோல்டு மெம்பர்!

ராபர்ட்சன்பேட்டை வாசகர்: என் மகன் பெங்களூரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். மேரியட் ஹோட்டலில் 'கோல்டு மெம்பர்' ஆகிவிட்டேன் என்று போனில் அட்டையைக் காட்டுகிறான். எங்க அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருஷம் தங்கம் வெட்டினார். அவரை யாரும் கோல்டு மெம்பர் ஆக்கலையே?

உங்கள் அப்பா தரைக்குக் கீழே போனார், உங்கள் மகன் மெத்தைக்கு மேலே படுத்தார். அதுதான் வித்தியாசம். சாம்பியன் ரீஃபின் ஆழம் 3.2 கிலோமீட்டர். மேரியட் பான்வாய் திட்டத்தில் கோல்டுக்கு ஒரு வருஷத்தில் 25 இரவு தங்கினால் போதும். 10 இரவுக்கு சில்வர், 50-க்கு பிளாட்டினம், 75-க்கு டைட்டானியம். இந்த வரிசையைப் போட்டவர் நகைக்கடைப் பக்கமே போகாதவர் போலிருக்கிறது. சந்தையில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாகிப் பல வருஷம் ஆகிறது. டைட்டானியத்தை எடுத்துக்கொண்டு நம்மூர் சேட்டு கடைக்குப் போனால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: காலை டிபன் இலவசமா? அங்கே கோல்டுக்குக் கிடையாது. இடமிருந்தால் கொஞ்சம் நல்ல அறை, முடிந்தால் மதியம் இரண்டு மணி வரை இருக்கலாம், பாயிண்ட் கால்பங்கு கூடுதல். அவ்வளவுதான் அந்தத் தங்கம்.

உரிகம் வாசகர்: நம்ம கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) ஐந்து நட்சத்திர ஹோட்டல் எப்போது வரும்?

நியாயமாகப் பார்த்தால் நூறு வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து நமக்குக் கரண்ட் வந்துவிட்டது. பெங்களூரு வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். 1885-லேயே இங்கே வெள்ளைக்காரர்களுக்கு கிளப் இருந்தது. எல்லாம் முன்னால் வந்தது, நட்சத்திரம் மட்டும் வரவில்லை. 2018-ல் 'கே.ஜி.எஃப்.' படம் வந்த பிறகு நம் ஊரைப் பார்க்கக் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சுரங்கக் கழிவான சயனைடு மண்மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ராத்திரி தூங்க பெங்களூருக்கே போய்விடுகிறார்கள்.

பங்காருப்பேட்டை வாசகர்: பாயிண்ட் சேர்த்தால் இலவசமாகத் தங்கலாம் என்கிறார்களே, உண்மையா?

கணக்குப் போடுவோம். பான்வாயில் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயிண்ட். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 ரூபாய் அறை என்றால் 200 டாலர், 2,000 பாயிண்ட். அதே அறையை 25,000 பாயிண்டுக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்தால், பன்னிரண்டரை ராத்திரி காசு கொடுத்துத் தங்கியவருக்கு ஒரு ராத்திரி கிடைக்கும். அதாவது 2,25,000 ரூபாய் செலவழித்தவருக்கு 18,000 ரூபாய். நூற்றுக்கு எட்டு. இதற்கிடையில் 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு ஜி.எஸ்.டி. மட்டுமே 18 சதவீதம்.

காசு உங்களுடையது அல்ல, ஆபீஸ் கொடுக்கிறது என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். எட்டு ரூபாயும் லாபம். சொந்தக் காசில் பாயிண்ட் துரத்துகிறவர் ஹோட்டலுக்கு மட்டுமே லாயல்.

பெமல் நகர் வாசகர்: அதைத்தான் கேட்க வந்தேன். கம்பெனி காசில் தங்கி, பாயிண்டைத் தன் பேரில் சேர்த்துக்கொள்வது திருட்டு இல்லையா?

நம் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி! ஷிப்ட் முடிந்து மேலே வந்தவரைச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். பாயிண்ட் அப்படிச் சோதனையில் சிக்காது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் மைலேஜ் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டே வருஷத்தில், 1983-ல், ஹாலிடே இன் ஹோட்டலும் மேரியட்டும் அதே வழிக்கு வந்தன. அவர்கள் குறிவைத்தது ஆபீஸ் வேலையாகச் சுற்றுகிறவரை. அவர் ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பார், பில்லை முதலாளி கட்டுவார். தேர்ந்தெடுக்கிற கைக்கு ஒரு சின்னப் பரிசு கொடுத்துவிட்டால், பணம் கட்டுகிற கை விலையைப் பற்றிப் பேசாது. தனியார் கம்பெனிகள் பல இதைத் தெரிந்தே விட்டுவிடுகின்றன, சம்பளத்தோடு சேர்ந்த சில்லறை மாதிரி. மத்திய அரசு விடவில்லை. அரசுப் பயணத்தில் சேர்ந்த விமான மைலேஜ் பாயிண்டைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை என்று உத்தரவே போட்டிருக்கிறது. நீங்கள் பொதுத்துறைக்காரர் என்றால் உங்கள் நிறுவன விதியை ஒருமுறை படித்துவிட்டுத் தூங்குங்கள்.

ஆண்டர்சன்பேட்டை வாசகர்: மூன்று வருஷம் முன்னால் ஒரு ராத்திரிக்குக் கேட்ட பாயிண்டைவிட இப்போது அதிகம் கேட்கிறார்களே அண்ணே, இது என்ன நியாயம்?

முன்பெல்லாம் இந்த ஹோட்டலுக்கு இத்தனை பாயிண்ட் என்று அட்டவணை போட்டுத் தொங்கவிட்டார்கள். ஹில்டன் 2017-ல் அதைக் கழற்றியது, மேரியட் 2022-ல் கழற்றியது. இப்போது அறை விலை ஏறினால் பாயிண்டும் ஏறும். பாயிண்டை அச்சடிப்பவரும் அவரே, மதிப்பு சொல்பவரும் அவரே. நம் சுரங்கத்தில் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் மூன்று கிராம் அளவில்தான் தங்கம் கிடைத்தது. ஆரம்ப காலத்தில் கிடைத்ததை நினைத்தால் அழுகை வரும். அதே பாறை, அதே உழைப்பு, விளைவு மட்டும் குறைந்துகொண்டே போனது. பாயிண்டும் அப்படித்தான், சேர்த்த உடனே செலவழித்துவிடுங்கள். இரண்டு வருஷம் கணக்கில் அசைவே இல்லை என்றால் மேரியட்டிலும் ஹில்டனிலும் மொத்தமும் போய்விடும்.

தாஜ்காரர்கள் இதில் பரவாயில்லை. டாடா நியூ திட்டத்தில் ஒரு நியூகாயினுக்கு ஒரு ரூபாய். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

நந்திதுர்க் வாசகர்: 'லேட் செக்-அவுட்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது என்ன?

மதியம் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டிய அறையில் நாலு மணி வரை இருக்கலாம். மேரியட்டில் பிளாட்டினம் ஆனவருக்கு இதை உறுதியாகவே தருகிறார்கள், ரிசார்ட்டிலும் மாநாட்டு ஹோட்டலிலும் மட்டும் இடத்தைப் பொறுத்து. நமக்கு இதெல்லாம் பழைய சமாசாரம். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். லைன் வீடுகளில் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இவ்வளவு நீளமான லேட் செக்-அவுட்டை எந்த டைட்டானியம் மெம்பரும் அனுபவித்ததில்லை.

சாம்பியன் ரீஃப் வாசகி: ஹோட்டலில் ஆதார், போன் நம்பர், ஈமெயில், பிறந்தநாள் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அடையாளச் சான்று கேட்பது சட்டப்படி. பிறந்தநாள் கேட்பது வியாபாரப்படி. முதலாவதைத் தவிர்க்க முடியாது. இரண்டாவதைக் கொடுத்தால் வருஷத்துக்கு ஒரு வாழ்த்து மெயில் வரும், கேக் வராது.

கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். மேரியட் 2016-ல் ஸ்டார்வுட் சங்கிலியை வாங்கியது. ஸ்டார்வுட்டின் முன்பதிவுக் கணினிக்குள் 2014-லிருந்தே திருடர்கள் உட்கார்ந்திருந்தது 2018-ல்தான் தெரிந்தது. முதலில் 50 கோடி விருந்தினர் வரை என்றார்கள், பிறகு சுமார் 38 கோடிப் பதிவுகள் என்று குறைத்தார்கள். அதில் பூட்டுப் போடாமல் கிடந்த பாஸ்போர்ட் எண்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். வீட்டை வாங்கியவர், கட்டிலுக்கு அடியில் யார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை.

1930-ல் கைரேகைப் பதிவு வேண்டாம் என்று இந்த ஊரே வேலைநிறுத்தம் செய்தது. உங்கள் தாத்தாவிடம் ஒரு பெருவிரல் ரேகையை வாங்கப் பட்ட பாட்டைப் பாருங்கள். நாமோ 200 பாயிண்டுக்காக முகத்தையே கொடுக்கிறோம்.

மாரிகுப்பம் வாசகி: தினமும் விடியக்காலை ரயிலில் பெங்களூரு போய் ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். "இன்னிக்கு ரூம் சுத்தம் பண்ண வேண்டாம்" என்று சொல்கிற கெஸ்டுக்குப் பாயிண்ட் கொடுப்பார்களாமே. சுத்தம் பண்ணுகிற எனக்கு என்ன கொடுப்பார்கள்?

இந்த வாரத்தின் கேள்வி உங்களுடையது அம்மா.

அந்தத் திட்டத்தைப் பெயர் பெற்றதாக்கியது ஸ்டார்வுட். தண்ணீர் மிச்சம், சோப்புத்தூள் மிச்சம், பூமித்தாய்க்கு நன்மை என்று சொல்லி, ஒரு நாள் சுத்தம் வேண்டாம் என்றவருக்கு 500 பாயிண்ட் கொடுத்தார்கள். கெஸ்டுக்குப் புண்ணியமும் ஆயிற்று, பாயிண்டும் ஆயிற்று. அமெரிக்க ஹோட்டல் தொழிலாளர் சங்கம் வேறு கணக்கைச் சொன்னது: சுத்தம் செய்ய வேண்டிய அறை குறைந்தால் ஆள் குறைப்பார்கள், வேலை நேரத்தைக் குறைப்பார்கள். மூன்று நாள் துடைக்காத குளியலறையைத் துடைக்கிறவருக்கு முதுகு மூன்று மடங்கு வலிக்கும். 2018-ல் எட்டு நகரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மேரியட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் பச்சைத் திட்டமும் அவர்கள் குறைப் பட்டியலில் இருந்தது.

ஆக, அந்த 500 பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். கெஸ்டின் விசுவாசத்துக்கு ஐந்து படிகள், ஐந்து நிற அட்டைகள். தினமும் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்து, திரும்ப அதே தூரம் நின்றுகொண்டே போகிறவரின் விசுவாசத்துக்கு இன்னும் நிறம் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். நீங்கள் ஹோட்டல் ரோலில் இருக்கிறீர்களா, ஏஜென்சி ரோலிலா என்று பாருங்கள். பெரிய சங்கிலிகளில் நேரடி ஊழியருக்கு மற்ற ஊர் ஹோட்டல்களில் சலுகை விலையில் அறை உண்டு. ஹோட்டல் ரோல் என்றால் எச்.ஆர். ஆபீசில் கேட்டு, ஒரு நாள் உங்கள் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்குங்கள். சுத்தம் வேண்டும் என்றே சொல்லுங்கள். படுக்கையை இன்னொருவர் விரிப்பதை நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

கோரமண்டல் வாசகர்: எங்கள் குடும்பம் வருஷா வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும். எந்த அட்டையும் இல்லாமலே ஒரே லாட்ஜில் இடம் கிடைக்கிறது. இது லாயல்டி புரோகிராம்தானே?

அதைவிட மேல். மேரியட்டில் டைட்டானியம் மெம்பர் 48 மணி நேரம் முன்னால் சொன்னால் அறை உறுதி என்கிறார்கள், அதிலும் சில தேதிகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குத் தேதிகள் எவை? ஊரே அறைக்கு அலைகிற நாட்கள். உங்கள் லாட்ஜ்காரர் செப்டம்பர் 7-ம் தேதி ராத்திரி, ஊரில் கால் வைக்க இடமில்லாதபோது, "அதே மாடி ரூம்தான், கிழவிக்குப் படி ஏற முடியுமா?" என்று கேட்பார். உங்கள் அம்மாவின் முழங்கால் எந்தக் கணினியிலும் பதிவாகவில்லை, லாட்ஜ்காரர் தலையில் பதிவாகி இருக்கிறது. பாயிண்ட் கேட்டுவிடாதீர்கள், வாடகையை ஏற்றிவிடுவார்.

பெங்களூரு வாசகர் (சொந்த ஊர் மாரிகுப்பம்): கல்யாண நாளுக்கு மனைவியை ஒரே ஒரு ராத்திரி பெரிய ஹோட்டலில் தங்க வைக்க ஆசை. எங்கே போகலாம்?

லாவெல் ரோடு பக்கம் போங்கள். விட்டல் மல்லையா ரோட்டில் ஜே.டபிள்யூ. மேரியட், ரெசிடென்சி ரோட்டில் ஐ.டி.சி. கார்டேனியா, ரிட்ஸ்-கார்ல்டன், எல்லாம் கூப்பிடு தூரம். ஏன் அங்கே என்கிறேன் தெரியுமா? லாவெல் என்பவர் நியூசிலாந்துச் சண்டையிலிருந்து வந்த ஐரிஷ் சிப்பாய். 1870-களில் கோலாரில் தங்கம் தேட மைசூர் அரசிடம் உரிமை வாங்கியவர் அவர்தான். பிறகு உரிமையைக் கைமாற்றிவிட்டார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் நம் பாட்டன்மார் வந்தார்கள். லாவெல் பெங்களூரில் வீடு கட்டி அதற்கு 'உரிகம் ஹவுஸ்' என்று நம் ஊர்ப் பேரையே வைத்தார். அந்தத் தெருவில் நீங்கள் விருந்தாளி இல்லை, பழைய பங்குதாரர். இதை ரிசப்ஷனில் சொல்லிப் பார்க்கலாம், சூட் அறை கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

பழமைதான் வேண்டும் என்றால் தாஜ் வெஸ்ட் எண்ட். 1887-ல் போர்டிங் ஹவுஸாகத் தொடங்கியது. நம்ம கே.ஜி.எஃப். கிளப்புக்கு இரண்டு வயது இளையது என்று மனைவியிடம் சொல்ல மறக்காதீர்கள்.

பேத்தமங்கலம் வாசகர்: ஆப்பில் புக் பண்ணினால் மலிவு, ஹோட்டல் வெப்சைட்டில் பண்ணினால்தான் பாயிண்ட் என்கிறார்கள். எதைச் செய்ய?

ஆப்காரருக்கு ஹோட்டல் கமிஷன் கொடுக்க வேண்டும். அதை மிச்சம் பிடிக்கத்தான் பாயிண்ட் என்ற மிட்டாய். மெம்பர் விலை என்று ஒன்று வைத்திருப்பார்கள், சேர்வதற்குக் காசில்லை. முதலில் சேருங்கள், பிறகு இரண்டு விலையையும் பாருங்கள், பிறகு ஹோட்டலுக்கு போன் போட்டு ஆப் விலையைச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பேசுகிற வாய்தானே?

உரிகம்பேட்டை வாசகர்: கிரெடிட் கார்டு வாங்கினாலே சில்வர் மெம்பர் ஆகலாமாமே?

ஆகலாம். எச்.டி.எஃப்.சி. வங்கியும் மேரியட்டும் சேர்ந்து 2023-ல் கொண்டுவந்த கார்டுக்கு வருஷக் கட்டணம் 3,000 ரூபாய், வரி தனி. சில்வரும் ஒரு இலவச இரவும் தருகிறார்கள், அந்த இரவு 15,000 பாயிண்டுக்குள் இருக்கிற ஹோட்டலில்தான். அந்த ஒரு இரவை உண்மையிலேயே பயன்படுத்துவீர்கள் என்றால் கட்டுப்படியாகும். பீரோவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றால், அதே பணத்துக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுங்கள், அதுவும் சில்வர்தான்.

ஆண்டர்சன்பேட்டை வாசகி: ஹோட்டல் சோப்பு, ஷாம்பு எடுத்து வருவது தப்பா?

சோப்பு எடுக்கலாம், டவல் கூடாது. ஷாம்புக் குப்பி இனி அநேகமாக இருக்காது. பெரிய சங்கிலிகள் 2019-ல் குட்டி பாட்டிலை ஒழித்துவிட்டு, பம்பு வைத்த பெரிய பாட்டிலைச் சுவரோடு மாட்டப் போவதாக அறிவித்துவிட்டன. பிளாஸ்டிக் குறைப்பு என்றார்கள். உங்களைப் போல உலகம் பூராவும் ஆள் இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரிந்தது.