கேடியம் அண்ணன்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கல்யாண மண்டபத்திலும் இவர் உண்டு. மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கமாட்டார். வளையலின் உட்புறத்தைப் பார்ப்பார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதல்ல, பெட்டிமேல் என்ன எழுதியிருந்தது என்பதுதான் இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இன்னாம்மா, கேடியமா?” என்பார். அங்கேயே கோட்டை விடுகிறார். கேடியம் தங்கத்தின் தரமே அல்ல. காட்மியம் கலந்த பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த காலத்தின் பெயர். அதன் புகை பட்டறைக்காரரின் நுரையீரலைத் தின்றதால்தான் காட்மியத்தைக் கைவிட்டார்கள். தரத்தைச் சொல்வது 916. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். அந்த எண் எடையைச் சொல்லாது, கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு போயிற்று என்று சொல்லாது, சேதாரத்தைப் பற்றி மூச்சே விடாது.

விசேஷ வீட்டில் நகையைத் திருப்பிப் பார்ப்பது மரியாதையா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் நகை வெறும் அலங்காரம் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில் வளையலும் செயினும் அடகுக்கடைக்கு நடக்கும். அங்கே உரசிப் பார்க்கும்போது தெரிவதைவிட, பந்தியில் அண்ணன் சொல்லித் தெரிவது கௌரவமே. அவரிடம் உள்ள குறை பார்ப்பதல்ல, பார்த்ததோடு நின்றுவிடுவது. ஹால்மார்க் முத்திரையில் இப்போது மூன்று உண்டு: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முக்கோணம், தர எண், ஆறு இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி. 2023 ஏப்ரல் முதல் அந்தக் குறி இல்லாமல் கடையில் புது நகை விற்கக்கூடாது. முக்கோணத்தையும் 916ஐயும் குத்த ஓர் அச்சு போதும். ஆறெழுத்துக் குறியைத்தான் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். நகைக்கடை எது, எங்கே சோதித்தார்கள், என்ன நகை என்று அது சொல்லும். கையில் வளையல் இருக்க, செயலி மோதிரம் என்றால் விஷயம் விளங்கிவிடும்.

முத்திரை இல்லாததெல்லாம் டூப்பு என்பது அண்ணனின் இன்னொரு தீர்ப்பு. தங்கத்துக்கு ஹால்மார்க் இங்கே வந்ததே 2000இல். கடைகளுக்குக் கட்டாயமானது 2021 ஜூனில். பாட்டியின் காசுமாலை எந்த முத்திரையைக் காட்டும்? 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இன்றும் கட்டாயமில்லை, ஆனாலும் மூக்குத்தித் திருகில் 916ஐத் தேடுவார். பேரனின் போன் கைக்கு வந்தால் முதலில் சம்பந்தி வீட்டு வளையலைத்தான் தட்டிப் பார்ப்பார். அவர் மருமகளுக்குப் போட்ட செயினை யாராவது கேட்டால் மட்டும் போன் பைக்குள் போய்விடும். “அது நம்ம ஆசாரி செஞ்சதும்மா.”