கொக்கத்தடிக்கு எத்தனை புள்ளி?

என் மருமகன் ரொறன்ரோவில் பிறந்தவன். விடுமுறைக்கு உடுப்பிட்டிக்கு வந்தபோது மாமிக்குச் சொக்கிலேற், எனக்குச் சவர பிளேட், தனக்கு ஒரு தலையணை மொத்தப் புத்தகமும் இருபது முகப் பகடையும் கொண்டுவந்தான். 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டாம். 1974இல் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்டது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் மாறுவார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

எனக்குப் பிடித்தது ஆயுதப் பட்டியல். 2000ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் 'அபூர்வ ஆயுதம்' என்று தனி வகுப்பே இருந்தது. தனிப் பயிற்சி இல்லாதவன் அதைத் தொட்டால் புள்ளி வெட்டுவார்கள். முட்சங்கிலி ஒன்று: பத்தடி தள்ளி நிற்பவனையும் விளாசும். சுழற்றுகிறவனின் சொந்த முழங்காலை மட்டும் தொடாது. தடியின் இரண்டு அந்தத்திலும் கோடாலி பூட்டிய ஆயுதம் இன்னொன்று. முன்முனையை ஓங்கினால் பின்முனை எங்கே போகும்? உலக்கை பிடித்த ஆச்சிமார் யாரையாவது கேட்டு எழுதியிருக்கலாம்.

1978இன் விதிநூலில் இரு கை வாளின் சுமை 250 பொற்காசு. பத்துக் காசு ஓர் இறாத்தல். ஆக, இருபத்தைந்து இறாத்தல். உண்மையில் சண்டைக்குப் போன அத்தகைய வாள்கள் பெரும்பாலும் ஆறேழு இறாத்தலைத் தாண்டாது. எங்கள் வீட்டு அலவாங்கே இருபத்தைந்து வராது.

நம் சுருள்வாளும் 'பாத்ஃபைண்டர்' என்ற இன்னொரு விளையாட்டில் அபூர்வ ஆயுதமாக இடம்பிடித்திருக்கிறது. அது நியாயம்தான். களரியில் அதைக் கடைசியாகத்தான் தொட விடுவார்கள். சுழற்சி நின்றால் வளைந்து ஆளையே பதம் பார்த்துவிடும். விதிநூல்காரருக்கு எதிரிக்கு எவ்வளவு நோகும் என்பதில்தான் கணக்கு. ஆயுதம் வைத்திருப்பவன் படும் பாட்டுக்கு ஒரு வரி கிடையாது.

"மாமா, உங்கட வீட்டில அபூர்வ ஆயுதம் ஏதும் இருக்கோ?" என்றான் மருமகன்.

கோடிப்பக்கம் கூட்டிப்போய்க் கொக்கத்தடியைக் காட்டினேன். நீள மூங்கில், நுனியில் கயிற்றால் வரிந்து கட்டிய வளைந்த சத்தகம். முருங்கைக்காய்க்கும் ஆட்டுக் குழைக்கும் அதுதான். பெடியன் வாயைப் பிளந்துவிட்டான். "இது கிசார்ம்!"

அவன் சொன்னதில் பிழையில்லை. கிசார்ம் போன்ற ஐரோப்பாவின் நீளத்தடி ஆயுதங்களில் பல, மரம் கவ்வாத்துப் பண்ணிய கத்திகளுக்குப் பிறந்தவைதான். கைகக்ஸுக்கு அவற்றின் மேல் தீராத மோகம். 1985இல் வந்த நூலொன்றின் பின்னிணைப்பில் அவற்றின் பெயர்களை வகை வகையாக விளக்கியிருக்கிறார். உடுப்பிட்டியில் ஒரு கிழமை நின்றிருந்தால் இன்னும் சில பக்கம் எழுதியிருப்பார்.

மருமகன் தடியைத் தூக்கினான். நுனி காற்றில் தள்ளாடியது. கழுத்து நோக அண்ணாந்து கொப்பில் கொளுவி இழுத்தான். காய் வரவில்லை, கண்ணுக்குள் தூசிதான் வந்தது. மாமி குசினி வாசலில் நின்று, "கயிறு இளகியிருக்கு, கவனம். சத்தகம் கழன்றால் உன்ர தலையிலதான்" என்றா. பெடியன் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்துக் குறிக்கத் தொடங்கினான்.

அன்றிரவு வளரி என்ற எறியாயுதம் பற்றிச் சொன்னேன். மதுரைப் பக்கம் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்னமருது. வெல்ஷே 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். 1801இல் அதே வெல்ஷ் மருதுபாண்டியரை எதிர்த்த படையில் போனார். சின்னமருதுவைத் தூக்கில் போட்டார்கள்.

"பயிற்சிக்கு எத்தனை புள்ளி குடுத்தவர்?" என்று கேட்டான். சும்மா கற்றுக்கொடுத்தார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

போகும் முன் தன் விளையாட்டில் கொக்கத்தடியைச் சேர்த்துவிட்டான். தாக்கும் தூரம் பதினைந்தடி. பகடையில் இரண்டு முதல் ஐந்து வரை விழுந்தால் வீசியவன் கண்ணில் தூசி. ஒன்றேயொன்று விழுந்தால் சத்தகம் தலையில். கடைசி விதி மாமி சொல்லி எழுதினது: பக்கத்து வளவுக்கு இரவல் போனால், ஆட்டம் முடியும்வரை ஆயுதம் திரும்பி வராது.