வேலிப் பொட்டாலை வாற மருந்து

எடேய் தம்பி, சத்தத்தைக் குறைக்காதை. அந்த ஹெட்செட்டை இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளு. காது போனால் போகட்டும், நானோ மருந்து வருகுதெண்டு சந்தியிலை நிண்டு நீ விளங்கப்படுத்தினதை நானும் கேட்டனான். கிழவனுக்கு என்ன விளங்குமெண்டு நினைச்சியோ?

உள்காதுக்கு இரத்தத்தாலை மருந்து லேசிலை போகாது, படலை பூட்டியிருக்கு. அதாலை வேலிப் பொட்டைத் தேடுறாங்கள். நடுக்காதுக்கும் உள்காதுக்கும் இடையிலை வட்டச் சாளரமெண்டு ஒரு சவ்வு, தடிப்பு 0.07 மில்லிமீற்றர். செவிப்பறைக்குள்ளாலை ஊசி போட்டு மருந்தை விட்டால் அந்தப் பொட்டாலை கொஞ்சம் நுழையும். மிச்சம் தொண்டைக்கு வழிஞ்சோடிப் போகும். அதே மருந்தை 200 நானோமீற்றருக்கும் சின்னக் கொழுப்புக் குமிழிக்குள்ளை அடைச்சு விட்டால் சவ்வோடை ஒட்டி நிண்டு மெல்ல மெல்லக் கசியுமாம். காந்தத்தாலை இழுக்கிற இரும்புத் துணிக்கையும் செய்து பாத்திருக்கிறாங்கள். கெட்டிக்காரங்கள்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஐரோப்பாவிலை நானோஇயர் எண்டு 2006 இலையே திட்டம் தொடங்கியாச்சு. ஆனால் இதுவரை பலன் கண்டது பெரும்பாலும் எலியும் கினிப்பன்றியும். நீயும் அந்த வரிசையிலை நிக்கிறதெண்டால் சொல்லு, கொம்மாவுக்கு நான் பக்குவமாய்ச் சொல்லுறன்.

பொட்டாலை போன மருந்து உள்ளை ஆரைப் பாக்கிறது? சத்தத்தைப் பிடிக்கிற மயிர்க்கலங்களைத்தான். ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. செத்தால் மனிசனுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்குஞ்சுக்கு முளைக்குமெண்டு 1988 இலை அமெரிக்காவிலை கண்டுபிடிச்சவங்கள். மனிசனுக்கும் முளைக்கவைக்கிறமெண்டு வெளிக்கிட்ட ஒரு கொம்பனி 2023 இலை கையை விரிச்சிட்டுது. அப்ப நீ அடுத்த பிறப்பிலை கோழியாய்ப் பிறக்கவேண்டியதுதான். காது நல்லாய்க் கேக்கும், ஆயுசுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

யோகர் சுவாமி இலுப்பை மரத்துக்குக் கீழை பேசாமல் இருந்த கொழும்புத்துறையடா இது! இப்ப திருவிழா வந்தால் லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்திலை பாயைப் போட்டுப் படுக்கிறாய். 85 டெசிபெல் எண்டால் நாளுக்கு 8 மணித்தியாலம் தாங்கும். 100 எண்டால் 15 நிமிசம். நீ விடியவிடியக் கிடக்கிறாய். பக்திதான், வேறென்ன!

பகிடியை விடு, இதைக் கேள். ஒரு காது சட்டெண்டு கேளாமல் போனால் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊத்திக்கொண்டு கிடவாதை. அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. அங்கை குடுக்கிறது பழைய ஸ்டீரொயிட்தான். ஆனால் முதல் இரண்டு கிழமைக்குள்ளை தொடங்கினால்தான் பலன் கூட.