ஓட்டமா, இழுவையா?

கசெட் ரெக்கோர்டர் மோட்டாருக்குள் வேகத்தைக் கட்டி வைக்கும் ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. பாட்டு இழுபடாமல் ஓட வேண்டுமே, அதற்காக. பெரும்பாலும் நிமிடத்துக்கு 2400 சுற்று. பேட்டரி புதிதாக இருந்தாலும் அதே 2400. மேலும் இரண்டு பேட்டரி கூட்டினாலும் அதே 2400. 1986இல் எனக்குப் பத்து வயது. இது தெரியாமல் லயத்து வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து அழுதேன்.

மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். எஞ்சின், பெல்ட், ரோலர் எல்லாம் அவர் கைக்குப் பழக்கம். யாரோ எறிந்த ஒரு ரெக்கோர்டரிலிருந்து மோட்டாரை அவர்தான் கழற்றித் தந்தார். லக்ஸ்பிறே டின்னை வெட்டி அடித்தட்டு செய்தேன். அறுந்துபோன பாட்டா செருப்பில் நாலு சில்லு. நாலு டோர்ச் பேட்டரியை மூங்கில் குழாய்க்குள் அடைத்து, அங்கிருந்து காருக்கு இரண்டு மீட்டர் வயர் இழுத்தேன். அதுதான் என் ரிமோட். சில்லை மோட்டார்த் தண்டிலேயே சைக்கிள் சொலூஷனால் ஒட்டினேன். தூக்கிப் பிடித்தால் விர்ரென்று சுற்றும். தரையில் வைத்தால் நின்றுவிடும். பேட்டரியை ஆறாக்கினேன். தூக்கிப் பிடித்தால் அதே விர்ர், தரையில் அதே நிற்பு.

மூன்றாம் நாள் மாலை அப்பா பக்கத்தில் குந்தினார். காரைத் தொடவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்: "தம்பி, ஒனக்கு ஓட்டம் வேணுமா, இழுவை வேணுமா? ரெண்டும் ஒண்ணா வராது."

அடுத்த நாள் ஸ்டோருக்குக் கூட்டிப் போனார். மேலே நீளத் தண்டு, அதில் வரிசையாகக் கப்பிகள், ஒவ்வொரு கப்பியிலிருந்தும் கீழே இறங்கும் பெல்ட். அந்தத் தண்டு சுற்றிய வேகத்தில் பெல்ட் கண்ணுக்கே தெரியவில்லை. கீழே தேயிலை ரோலர் நிமிடத்துக்கு 40, 45 சுற்றுதான், ஆட்டுக்கல் மாதிரி ஆடி ஆடிப் போனது. வேகமாகச் சுற்றினால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும் என்றார். ஒரே தண்டு, சின்னக் கப்பி பெரிய கப்பியை ஓட்டினால் வேகம் குறைந்து பலம் கூடுகிறது. பிறகு புறங்கையை அந்தத் தண்டை ஓட்டும் மோட்டாரின் கூட்டில் வைத்து, உதட்டுக்குள் எதையோ எண்ணி, கையை எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "அதுக்குப் பாரம் கூடிச்சுன்னா வாயால சொல்லாது. சூட்டாலதான் சொல்லும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் நூல் கட்டை ஒன்று கப்பியானது. மோட்டாரின் கப்பி 6 மில்லிமீட்டர், நூல் கட்டை 30. ஒன்றுக்கு ஐந்து. நடுவில் கசெட் பெல்ட். கார் நகர்ந்தது! இப்போது கணக்குப் போட்டால், செருப்புச் சில்லு 5 சென்டிமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 480 சுற்று, மணிக்கு நாலரைக் கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகம். வயர் இரண்டு மீட்டர்தான் என்பதால் நானும் கூடவே நடந்தேன். லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போனோம். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளில் ஏறியிருக்கிறேன். அந்த நடையின் சந்தோஷம் எதிலும் வரவில்லை.

அதற்கு முன்பே ஒரு பற்சில்லைப் பார்த்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத்துக்கு, ஐந்து தேரும் ஓடும் நாளில், வீதியோரக் கடையில் வாங்கிய தேய்த்து விடும் கார் அது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே பெரிய பல் சின்னப் பல்லைச் சுற்றி, அது ஒரு கனத்த ஈயத்தட்டைச் சுற்றியது. அது ஏன் அப்படி என்று அப்போது விளங்கவில்லை. நூல் கட்டைக்குப் பிறகு விளங்கியது.

நடுவில் கழிந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிப்பு, கொழும்பு, வேலை. நான் பிறந்த 1976இல்தான் ஜப்பானின் டமியா நிறுவனம் போர்ஷே 934 என்ற ரேடியோக் காரைக் கடைக்குக் கொண்டுவந்தது என்பதே எனக்கு முப்பது வயதுக்குப் பிறகு தெரிந்தது. நான் வயர் பிடித்து நடந்த நாளில் உலகத்தில் வேறு பையன்கள் வயர் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. வயர் இருந்ததால்தான் காருக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

இப்போது தங்கச்சி மகனுக்குப் பதினாறு வயது. அவர்கள் வீடு இரத்தோட்டைப் பாதையில். அவன் அப்பா கத்தாரிலிருந்து வரும்போது சூட்கேசுக்குள் டமியாவின் டீ.டீ.02 ரேடியோக் கார் ஒன்று கொண்டுவந்தார், யாரோ ஓட்டி விட்டது. 2013இல் வந்த வகை. பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சில்லும் இழுக்கும். டாலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360க்குப் போன 2022ஐப் பார்த்த வீடு அது. இங்கே புதிதாக ஒன்றை விலை கொடுத்து வாங்குவது அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

இது மாதிரி டூரிங் காருக்கு வழவழப்பான தரை வேண்டும். அடிவயிறு தரையை உரசுகிற உயரத்தில் ஓடும் வண்டி; எங்கள் பாதைகளின் குழிகளில் அது ஒரு நிமிடம் தாங்காது. மாத்தளையில் அதற்குக் கிடைத்த இடம் மிளகு காய வைக்கும் சிமெந்துத் தளம். அடுத்த வீட்டுக்காரருடையது, 15 மீட்டர் நீளம். மிளகு அள்ளிய பிறகு கூட்டிப் பெருக்கினால் ஓட்டலாம். ஒரு மணி மிளகு சில்லுக்கும் அதைத் தாங்கும் கைக்கும் நடுவே மாட்டினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் பெருக்கும் வேலையை அவன் கோயில் பிராகாரம் பெருக்குவது போலச் செய்கிறான்.

அவனுக்கு ஒரே ஆசை, வேகம். காரோடு வந்த 540 மோட்டாரைக் கழற்றிவிட்டு, இரண்டு வருட நாள்காசைச் சேர்த்து, 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்று வாங்கினான். வேகம் இன்னும் கூடட்டும் என்று பினியனையும், அதாவது மோட்டார்த் தண்டில் பூட்டும் சின்னப் பற்சில்லையும், 22 பல்லிலிருந்து 25க்கு மாற்றினான். நான் அங்கே போயிருந்த ஒரு சனிக்கிழமை, மூன்று நிமிடம் ஓட்டியதும் தளத்தில் ஒரு வாசனை. ஸ்டோர்க்காரர் பிள்ளைக்கு அந்த வாசனை தெரியும். வார்னிஷ் சூடாகிற வாசனை.

"மாமா, மோட்டார் நல்லதில்ல போல. வேற வாங்கணும்" என்றான்.

மோட்டார் நல்ல மோட்டார்தான். உட்கார்ந்து, ஒரு கொப்பித் தாளை எடுத்துக்கொண்டோம்.

டீ.டீ.02இல் பெரிய பல், அதாவது ஸ்பர், 70. அதற்குப் பின்னால் டிப்பரென்ஷியலில் 2.6 என்ற இன்னொரு விகிதம் மாறாமல் நிற்கிறது. 70ஐப் பினியனின் பல்லால் வகுத்து 2.6ஆல் பெருக்கினால் மொத்த விகிதம். காரோடு வந்த 22க்கு 8.27, அதாவது மோட்டார் எட்டே கால் சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்று. 25க்கு 7.28. 19க்கு 9.58. பினியனில் பல் கூடினால் இந்த எண் குறைகிறது, ஓட்டம் கூடுகிறது, இழுவை குறைகிறது. புதிதாக வருகிறவர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். அவனோ ஓட்டம் கூடுவதை மட்டும் பார்த்திருந்தான்.

3300 கேவி என்றால் ஒரு வோல்டுக்கு 3300 சுற்று. 7.4 வோல்ட் பேட்டரியில் 24,000க்கு மேல். 64 மில்லிமீட்டர் டயரோடு 25 பல்லில் ஏட்டுக் கணக்கு மணிக்கு 40 கிலோமீட்டர். "பாத்தீங்களா மாமா" என்றான், முகம் மலர்ந்து. தளம் எத்தனை மீட்டர் என்று கேட்டேன். 15. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் 15 மீட்டரைக் கடக்க ஒன்றரை வினாடி ஆகாது. அந்த வேகத்தை எட்டுவதற்கு முன்பே வளைவு வந்துவிடும், பிரேக் பிடிப்பான், மறுபடி முறுக்குவான். மோட்டார் ஒரு நாளும் தனக்குச் சுகமான சுற்றுக்குப் போவதே இல்லை. ஒவ்வொரு முறையும் அடிமட்டத்திலிருந்து பாரத்தை இழுக்கிறது, கரண்டை வாரிக் குடிக்கிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பிச் சுருளில் சூடு நாலு மடங்கு. வாசனை அங்கிருந்துதான்.

கண்டியிலிருந்து ஏ9 வழியாக வரும் பஸ் பலகடுவை ஏற்றத்துக்கு வரும்போது டிரைவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். அவன் தினமும் டியூஷனுக்கு அந்தப் பஸ்ஸில் போகிறவன். "ஏத்தத்துக்கு முந்தியே கியரைக் குறைப்பார்" என்றான். பஸ்ஸுக்குக் கியர் மாற்ற டிரைவர் இருக்கிறார். இந்தக் காருக்கு ஒரே கியர். தளத்தைப் பார்த்து, ஓட்டுவதற்கு முன்பே, நாம்தான் அந்த டிரைவராக இருக்க வேண்டும்.

எனக்கு இதில் மனம் கனக்கிறது. அன்று என் மோட்டாரை மாற்ற வழியே இல்லை. 2400 என்றால் 2400. ஆகவே விகிதத்தைத் தவிர வேறு எதையும் தொட முடியவில்லை, அதனால் விகிதத்தைப் படித்தேன். இன்று அவன் கைக்கு எந்த மோட்டாரும் வரும், ஆகவே பல்லை எண்ண யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மொத்தக் காரிலும் மலிவான சாமான் அந்தப் பினியன். காரின் குணத்தை முடிவு செய்வதும் அதுதான்.

மேம்படுத்துவதற்கு ஒரு வரிசை வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதலில் பேரிங். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் தண்டுகள் பிளாஸ்டிக் புஷ்ஷில் சுற்றுகின்றன. மண் புகுந்தால் அவை தேய்ந்து தண்டு ஆட ஆரம்பிக்கும். 11 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 5 மில்லிமீட்டர் துளை உள்ள பேரிங் போட்டால் அதே மோட்டார் அதே பேட்டரியில் இலேசாக ஓடும். அடுத்தது டயர், பிறகு பினியன். மோட்டார் கடைசி. அவன் கடைசியில் இருந்து தொடங்கியிருந்தான். கடைக்கண்ணாடியில் முதலில் பளபளப்பது மோட்டார்தானே, பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

19 பல் பினியன் தபாலில் வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவன் காரை ஓட்டவில்லை. புஷ்களைக் கழற்றிப் பேரிங் போட்டான், டிப்பரென்ஷியலைத் திறந்து கிரீஸ் மாற்றினான், நான் கேட்காமலே ஒவ்வொரு பல்லுக்கும் விகிதம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினான். பினியன் வந்ததும் எனக்குப் போன் வந்தது. பல் எண்ணிக்கைக்கு ஏற்ப மோட்டாரை எந்தத் துளையில் பூட்டுவது என்று புத்தகத்தைப் பார்த்து அவனே பூட்டினான்.

தளத்தைப் பெருக்கிவிட்டு, நாலு செங்கல் வைத்து ஒரு சுற்று அமைத்தோம். 25 பல்லில் அவனுடைய நல்ல சுற்று 9.8 வினாடி. 19 பல்லில், ஏட்டுக் கணக்கில் பத்துக் கிலோமீட்டர் வேகம் குறைந்த அந்தக் காரில், நாலாவது சுற்று 8.7. வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் பாய்ந்தது. அவன் போனில் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

ஐந்து நிமிடம் ஓடியதும் நிறுத்தச் சொன்னேன். மேல்கூட்டைக் கழற்றி, புறங்கையை மோட்டாரில் வைக்கச் சொன்னேன்.

"எத்தன எண்ணணும் மாமா?"

"மூணு எண்ணுறதுக்குள்ள கைய எடுத்தீன்னா, இன்னொரு பல்லு குறைக்கணும்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணினான். கையை எடுக்கவில்லை. பன்னிரண்டில் என்னைப் பார்த்தான். மேலே எல்கடுவைப் பக்கம் மப்புக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மிளகுச் சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு பேட்டரி பாக்கி இருந்தது.