முகூர்த்தம் பார்க்கும் டிராக்டர்

கேள்வி: அமெரிக்காவில் பழைய ஃபோர்டு 8என் டிராக்டர் வைத்திருப்பவர்கள் 'டைமிங், டைமிங்' என்று அலைகிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

பதில்: முகூர்த்தம்தான்! பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே, ஒரு நூலிழை முந்தி, பிளக்கில் பொறி விழ வேண்டும். பெட்ரோல் பற்றி எரியவும் அவகாசம் வேண்டுமே. பிந்தினால், பந்தி முடிந்தபின் வரும் சாம்பார் வாளிதான்: எஞ்சின் சூடாகும், இழுவை இருக்காது. ரொம்ப முந்தினால், ஏறி வரும் பிஸ்டன் தலையில் குட்டு விழும். எஞ்சின் 'டக் டக்' என்று புலம்பும்.

1947-இல் வந்த 8என்-இல், இந்தப் பொறியை நேரம் பார்த்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கம், விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கழற்றி மேசையில் வைத்துத்தான் டைமிங் பார்க்க வேண்டும். 1950-இல் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். அதுவரை, ஜாதகம் பார்க்க மாப்பிள்ளையையே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது!