காலையில் நடுங்கும் காடி

கே: என் சத்ரியா ஜிடிஐ காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுநடுங்குகிறது, சூடேறினால் சாது. குளிர் காரணமா? (பாகான் செராய்)

ப: பாகான் செராயில் குளிரா? கிரியான் வயல் பனிக்கெல்லாம் மிட்சுபிஷி 4ஜி93 நடுங்காது. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழையலாம். ஆக்ஸிஜன் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி தொடும்வரை தூங்கும். அதுவரை இசியு குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் ஊற்றும். விழித்ததும் கணக்கைச் சரிக்கட்டும். நோய் போகவில்லை, சாட்சி மாறிவிட்டது!

கே: ஓட்டையை எங்கே தேடுவது? (செமாங்கோல்)

ப: பால்மரம் சீவிய தாத்தாவின் பேரனா இப்படிக் கேட்பது? கிழட்டு ரப்பர் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம். பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி வால்வுக் குழாய், இன்ஜெக்டர் ஓ-ரிங். பிறகு இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட். குழாயை வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது வெடிப்பு வாய் திறக்காது.

கே: கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கலாமா? (பாரிட் புந்தார்)

ப: ஓட்டையில் பட்டால் எஞ்சின் சுற்று மாறும். சூடான எக்ஸாஸ்டில் பட்டால் உங்கள் புருவம் மாறும். புகை விட்டுச் சோதிக்கும் பட்டறைக்குப் போங்கள்.

கே: வேக்கம் கேஜ் என்ன சொல்லும்? (தைப்பிங்)

ப: ஐடிலில் 17 முதல் 21 அங்குலம், ஊசி அசையாமல் நின்றால் சுகம். அசையாமலே தாழ்ந்து நின்றால் லீக், அல்லது டைமிங் தாமதம். ஒரே தாளத்தில் துடித்தால் வால்வு. வாங்குமுன் மாட்டிப் பார்த்தால் விற்பவர் முகமும் துடிக்கும்.

கே: ஹைகேம் போட்டேன், 12 அங்குலம்தான் காட்டுகிறது. லீக்கா? (கமுண்டிங்)

ப: இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்தே திறந்திருக்கும் நேரத்தைக் காசு கொடுத்துக் கூட்டிவிட்டு, உறிஞ்சும் சக்தி குறைந்ததே என்றால் எப்படி? லீக் இல்லையென்று உறுதிசெய்த பின் டியூன் பண்ணுங்கள். ‘தக்கு தக்கு’ சத்தம் கேட்டுத்தானே வாங்கினீர்கள்!

கே: ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் ஐடிலில் +18, 2,500 சுற்றில் +3. அர்த்தம்? (ஈப்போ)

ப: ஏர்ஃப்ளோ சென்சார் காடி என்றால் லீக்கின் கையெழுத்தே அதுதான். ஐடிலில் ஓட்டைக் காற்று பெரும்பங்கு. வேகத்தில் கடலில் கரைத்த பெருங்காயம். இரண்டிலும் +18 என்றால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர் பக்கம் திரும்புங்கள். மேப் சென்சார் காடியில் டிரிம் மௌனம் காக்கலாம். ஐடில் மட்டும் எகிறும்.

கே: டர்போ காடிக்கும் இதே கதையா? (சுங்கை சிப்புட்)

ப: ஒரே ஓட்டைக்கு இரண்டு வேலை. ஐடிலில் உறிஞ்சும், பூஸ்டில் துப்பும்.

கே: பிளக், கோயில், பம்ப், சென்சார் எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடு என்கிறான் நண்பன். செய்யவா? (பாகான் செராய்)

ப: பத்து வெள்ளிக் குழாயைப் பார்த்துவிட்டீர்களா? ஆமாம், ஹாஃப்கட் கடையில் அவருக்கு எத்தனை பங்கு?