கோழிக்கடை முதலாளியின் பூர்வீகம்

'பிரேக்கிங் பேட்' தொடரின் வில்லன் கஸ் ஃப்ரிங் சிலி நாட்டில் யாராக இருந்தார்? சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் ராணுவ அதிகாரி என்கிறது ரசிகர்களில் ஒரு கட்சி. பெரிய இடத்துப் பிள்ளை என்கிறது இன்னொன்று. போதைத் தடுப்பு அதிகாரி ஹாங்க் துருவியும் அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு தேறவில்லை. முன்கதைத் தொடரான 'பெட்டர் கால் சால்' 2022-இல் முடிந்தபோதும் மூச்சு விடவில்லை.

தொழில் மட்டும் ஊரறிந்த ரகசியம்: கோழி வறுக்கும் மாவு வாளிக்குள் சரக்கு, சலவை ஆலைக்கு அடியில் ஆய்வுக்கூடம். அதைப் பற்றி யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பெண் கொடுக்கப் போகிற வீட்டார் மாதிரி விசாரிக்கிறார்கள்: மாப்பிள்ளை கழுத்தறுப்பது பரவாயில்லை, குலம் கோத்திரம் என்ன?